என்னை நோயாளி ஆக்கிய மகனுக்கு

கண்ணு,

நேற்று உழவர் சந்தையில், ஒரு கையில் முள்ளங்கிக் கட்டும் இன்னொரு கையில் பரங்கிக்காயுமாக நின்றுகொண்டிருந்தபோதுதான், எனக்கு உடம்பு ரொம்ப மோசமாக இருக்கிறது என்ற செய்தி எனக்கே தெரிய வந்தது. சொன்னவர் உன் டீம் லீடர் சரவணன். போன பொங்கலுக்கு நம் வீட்டுக்கு வந்து, களியை விழுங்கத் தெரியாமல் மென்று மென்று தவித்தாரே, அந்த மானாமதுரைப் பிள்ளைதான். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து பரங்கிக்காயைப் பிடுங்கிக்கொண்டார். "என்னம்மா நீங்க, இந்த உடம்போட வெயிட்டத் தூக்கிக்கிட்டு நிக்கிறீக? தினமும் காலையில மூச்சுத் திணறலாமே. உங்களுக்கு ஆவி பிடிக்க வச்சு, ஒரு நிலைக்குக் கொண்டுவந்துட்டுத்தான் அவன் வேலைக்கு வர்றான். அதான் லேட்டாகுதுன்னு சொன்னான்" என்றார். நான் என்ன செய்வேன்? பெற்ற பிள்ளையைச் சந்தை நடுவில் காட்டிக்கொடுக்க முடியுமா? "இப்ப கொஞ்சம் தேவலாம் தம்பி" என்றேன். நம்பும்படியாக இருக்கட்டும் என்று ரெண்டு இருமலும் சேர்த்து இருமினேன். முள்ளங்கிக்காரம்மா ரெண்டடி தள்ளி உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். வேறு எப்படிச் சொல்வது? உனக்கு முதல் ஷிப்ட், எனக்கு ரெண்டாவது ஷிப்ட். நான் வரும்போது நீ தூங்கியிருப்பாய். காலையில் நாம் சந்திக்கும் நேரத்தில் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகை நிமிர்த்தப் பார்ப்பாய், நான் சுடுதண்ணீர் பாத்திரத்தில் விரல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் யார் யாரோடு பேசினாலும் சண்டைதான். போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். இப்போது காலை மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, என் விரல்கள் எனக்கே சொந்தம். கம்பெனி பஸ் வருவதற்குள் எழுதி, ப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போகிறேன். பிறகு ஒருநாள் எங்கள் லைன் பெண்களுக்கும் படிக்கக் கொடுப்பேன். உன்னைப் போன்ற பிள்ளைகளும் என்னைப் போன்ற அம்மாக்களும் இந்த ஊரின் எல்லாக் கம்பெனி பஸ்ஸிலும் இருக்கிறார்கள். பயப்படாதே, உன் பெயர் போட மாட்டேன்.

சரவணன் அதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். பரங்கிக்காயை ஆட்டோவில் வைக்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "புது பேட்டரி லைன் ஆரம்பிக்கிறோம்மா. அதுக்கு அவன்தான் சரியான ஆளு. ஆனா அங்க பொறுப்பு ஜாஸ்தி. உங்கள இப்படி வச்சுக்கிட்டு அவன் எப்படிப் பாப்பான், பாவம். திங்கக்கிழமை ஆள் யாருன்னு மேல சொல்லணும். அவன் பேர எடுத்துருவோம்னு இருக்கேன். அவன்கிட்ட இன்னும் சொல்லல, வருத்தப்படுவான்" என்றார். எனக்கு நிஜமாகவே மூச்சுத் திணறியது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவ விடாமல், கரண்டியையும் டம்ளரையும் வரிசையாக வைத்து அந்த லைன் எப்படி ஓடப்போகிறது என்று உங்கப்பாவுக்கும் எனக்கும் விளக்கினாயே. உன் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. அந்த மனுஷன் உன்மேல் இருக்கும் பிரியத்தில்தான் அந்த வேலையை உன்னிடமிருந்து எடுக்கப் பார்க்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீ சொன்ன கதையை அவர் முழுசாக நம்பிவிட்டார், அவ்வளவுதான்.

உன்னைத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் நிமிராத உன் முதுகை மறைக்க நீ அம்மாவை வைத்துச் சமாளிக்கிறாய். நான் என் காலத்தில் முப்பத்து முக்கோடி தேவர்களை வைத்துச் சமாளித்தவள். உனக்கு அந்தக் கதை முழுசாகத் தெரியாது. நீ அப்போது பள்ளிக்கூடப் பையன், உனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாதான் அம்மாவுக்குத் தலை பின்னிவிடுவார் என்பது மட்டும்தான்.

எனக்கு முடக்குவாதம் வந்த புதிதில் நாங்கள் சுவிட்ச் செய்யும் லைனில் எல்லோருக்கும் வாரம் மாற்றி வாரம் ஷிப்ட். முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் என் விரல்கள் மடங்கினால் விரியாது, விரிந்தால் மடங்காது. எங்கள் வேலையோ, கடுகு அளவு ஸ்பிரிங்கை ட்வீசரில் எடுத்துக் குழிக்குள் வைக்கிற வேலை. பத்து மணிக்கு மேல் நான் ராணி. அதற்கு முன்னால் ஒரு டம்ளர் டீயைக்கூட ரெண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்துத்தான் குடிப்பேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் "மெடிக்கல் அன்பிட்" என்ற வார்த்தை எங்கள் பஸ்ஸில் பேய் மாதிரி உலவிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தியை அப்படி எழுதி அனுப்பிவிட்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அவள் யார், எந்தக் கம்பெனி என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது. அந்தப் பேய்க்குப் பயந்து நான் மியூச்சுவலைப் பிடித்துக்கொண்டேன். ரெண்டு பேர் பேசி ஷிப்டை மாற்றிக்கொண்டால் சூப்பர்வைசர் ஒரு கையெழுத்துப் போடுவார், அதற்குப் பெயர்தான் மியூச்சுவல். அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். சாமி காரியம் என்றால் மட்டும் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

அதற்கு இந்த எல்லையோர ஊர் எவ்வளவு வசதி என்று உனக்குச் சொல்லவே வேண்டாம். தமிழ்ப் பண்டிகை தீர்ந்தால் தெலுங்குப் பண்டிகை, அதுவும் தீர்ந்தால் கன்னடப் பண்டிகை. ஆடி வெள்ளி, வரலட்சுமி விரதம், கௌரி ஹப்பா, கார்த்திகை, உகாதி என்று ஒன்றையும் நான் விடவில்லை. பண்டிகையே இல்லாத வாரத்தில் கிருத்திகையும் ஏகாதசியும் கை கொடுத்தன. எதுவும் கை கொடுக்காத காலைகளில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். பாகலூரிலிருந்து வரும் லட்சுமிதான் எனக்கு வழக்கமாக ஷிப்ட் மாற்றிக்கொள்பவள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், தமிழில் எதையும் நேராகக் கேட்டுவிடுவாள். ஒருநாள் "ஏமக்கா, பிரதோஷம் சாயங்காலம்தானே வரும்? காலையில உனக்கு என்ன பூஜை?" என்று மடக்கினாள். நான் அசரவில்லை. "எங்க நாகரசம்பட்டிப் பக்கம் காலையிலயே ஆரம்பிச்சிடுவோம்" என்றேன். என் பிறந்த ஊர்க்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. லைனில் எனக்குப் பெரிய பக்தை என்று பெயர் வந்துவிட்டது. நம் வீட்டில் விளக்கு ஏற்றுவதே உங்கப்பாதான், எனக்குத் திரி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் அங்கே கல்யாணம் ஆகாத பெண்கள் என்னிடம் வந்து எந்த விரதம் இருக்கலாம் என்று கேட்பார்கள். வாய்க்கு வந்ததை, "வெள்ளிக்கிழமை உளுந்து சேக்காத" என்று ஒருத்தியிடம் சொல்லிவைத்தேன். அடுத்த மாதமே அவளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது, எனக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாள். உங்கப்பா கோணல்மாணலாகப் பின்னிவிடும் ஜடையைக்கூட ஏதோ வேண்டுதல் என்று நினைத்துவிட்டார்கள். நான் வந்தால் நின்று வழிவிடுவார்கள். கேன்டீனில் எனக்கு வெங்காயம் இல்லாத சட்னி தனியாக வரும். எனக்கு வெங்காயச் சட்னி என்றால் உயிர், சொல்ல முடியுமா? வருஷக்கணக்கில் வெறும் தேங்காய்ச் சட்னியோடு இட்லியை விழுங்கினேன்.

இப்படிப் பக்தை ஆனவளுக்கு ஆயுத பூஜையில்தான் ஆப்பு வந்தது. நீ பார்த்திருக்கிறாயே, அன்றைக்குத் தொழிற்சாலையே கல்யாண வீடாக இருக்கும். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், வாழைக்கன்று, பொரி, பூசணிக்காய். எந்த லைனின் கோலம் நன்றாக இருக்கிறதோ அதற்குப் பரிசு. எங்கள் லைனில் எல்லோரும் சேர்ந்து, "அக்காதான் கோலம் போடணும், அக்காதான் பூஜை பண்ணணும்" என்று முடிவு செய்துவிட்டார்கள். முதல் ஷிப்ட், ஆறு மணிக்கு. சாமி காரியம் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால் அதுவே சாமி காரியம். அன்று விடிகாலையில் உங்கப்பா கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்து என் கைகளை முக்கி எடுத்தார், சேலை கட்டிவிட்டார், ஜடை பின்னினார். "போவாத, காய்ச்சல்னு சொல்லிடு" என்றார். நான் கேட்கவில்லை.

லைனுக்கு முன்னால் தரையைக் கழுவி வைத்திருந்தார்கள். பிளான்ட் மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். நான் குனிந்து கோலமாவை எடுத்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் பிரிய மறுத்தன. ஒரு புள்ளி வைக்கப் போனால் மாவு கொத்தாக விழுந்தது. இன்னொன்று வைத்தேன், அதுவும் அப்படியே. யாரோ சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அவமானத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது எங்கள் சூப்பர்வைசர் மஞ்சுளா மேடம் பக்கத்தில் வந்து குந்தினார். தளி ஊர்க்காரம்மா, நினைப்பெல்லாம் கன்னடத்தில், திட்டுவது மட்டும் தமிழில். என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வீங்கிய விரல் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். "எஷ்டு தின ஆய்த்தும்மா இது? எத்தன நாளா இப்படி?" என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். நான் அழுதேன். அவர் மாவுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தானே கோலம் போட்டார். சுமாரான கோலம், பரிசு பக்கத்து லைனுக்குப் போய்விட்டது.

பூஜை முடிந்து பொரியைக் கொறித்துக்கொண்டிருக்கும்போது மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் பேசியதை இன்றைக்கும் வரி விடாமல் சொல்வேன். "காலை ஷிப்ட்ல உன் டேபிள்ல இருந்து வர்ற பீஸ்ல ஸ்பிரிங் கோணலா வருது. மத்தியான ஷிப்ட்ல ஒண்ணு கூட ரிஜெக்ட் இல்ல. நான் என்னா நெனச்சேன்? சாமி சாமின்னு அலையுது, காலையில வேலையில கவனம் இல்ல, திமிருன்னு நெனச்சேன். உன்ன லைன விட்டு எடுத்து பேக்கிங்குக்குப் போடச் சொல்லி எழுதியே வச்சிருக்கேன். ஏம்மா, கைவலின்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு என்னா?" நான் எந்த வேலை போய்விடக் கூடாது என்று பொய் சொன்னேனோ, அந்த வேலை அந்தப் பொய்யாலேயே போக இருந்தது கண்ணு. நாம் காரணத்தை மறைத்தால் எதிரில் இருப்பவர்கள் சும்மா இருப்பதில்லை, அவர்களாக ஒரு காரணத்தை வைத்துக்கொள்கிறார்கள். மஞ்சுளா மேடம் எனக்குத் திமிர் என்று வைத்துக்கொண்டார். சரவணன் உனக்கு வீட்டில் சுமை என்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன், உனக்குப் பயன்படும். டாக்டரிடம் "இவருக்கு வாத நோய்" என்று மட்டும் எழுதி வாங்காதே. காலையில் எது முடியாது, எந்த நேரத்துக்கு மேல் எல்லாம் முடியும் என்று தெளிவாக எழுதச் சொல். உனக்கு உட்கார்ந்தே இருந்தால் முதுகு இறுகுகிறது, எழுந்து நடந்தால் இளகுகிறது என்று டாக்டர் உன்னிடம் சொன்னாரே, அதையும் சேர்த்துத்தான். நான் முதலில் மேடத்திடம் பேசினேன், அப்புறம்தான் ஹெச்.ஆர். அறைக்குப் போனேன். அங்கிருந்த சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "எத்தனை நாளைக்கும்மா இந்த அட்ஜஸ்ட்மென்ட் வேணும்?" என்று கேட்டார். "சார், இந்த நோய் என்னைக்கும் போவாதுங்க. ஆனா தினமும் பத்து மணிக்குப் போயிடுங்க. நான் ரெண்டு மணிக்கு வேலைக்கு வந்தா அது என்கூட வராது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று நிரந்தரமாக ரெண்டாவது ஷிப்ட் கொடுத்தார்கள். பிடி தடிமனாகட்டும் என்று ட்வீசரில் சைக்கிள் ட்யூபைச் சுற்றிக்கொள்ளவும் விட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள்தான் இன்றைக்குவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் சர்க்கரைப் பொங்கலாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். "இவளுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்" என்று சிலர் முணுமுணுத்தார்கள். சேலை கொடுத்தவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, உளுந்துவடையை எத்தனை நாள் தியாகம் பண்ணினேன் தெரியுமா என்று சண்டைக்கு வந்தாள். லட்சுமிக்கு மட்டும் சந்தோஷம், காலை ஷிப்ட் போனால் சாயங்காலம் பிள்ளைகளோடு இருக்கலாம் என்று அவளே வாங்கிக்கொண்டாள். நான் அதற்குக் கொடுத்த விலை அந்தச் சாயங்காலங்கள்தான். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டில் இருந்ததில்லை. உங்கப்பாவின் உப்புமாவைத் தின்றே நீ வளர்ந்தாய், இன்றைக்கும் ரவையைக் கண்டால் ஓடுகிறாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வலிக்கிறது. ஆனாலும் கேட்டதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. வெங்காயச் சட்னியும் திரும்பக் கிடைத்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உனக்கு முதுகெலும்பு வாதம் என்று நோயின் பெயரைச் சொன்ன அன்று, பெங்களூர் டாக்டரிடம் நான்தான் கேட்டேன், "என்கிட்ட இருந்து வந்துச்சா சார்?" என்று. ரெண்டும் வேற வேற நோய்மா, உங்க தப்பு எதுவும் இல்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். இருந்தும் பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். நீ வேர்க்கடலையை உரித்து உரித்து என் உள்ளங்கையில் வைத்தாய், என் விரல்களுக்கு உரிக்க வராது என்று. இவ்வளவு பக்குவமாக அடுத்தவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த உனக்கு, உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச வரவில்லை. உன் வயசுக்கு முதுகுவலி என்று சொல்ல வெட்கமாக இருக்கும், எனக்குப் புரிகிறது. கிழவன் என்று கேலி பண்ணுவார்கள் என்று நினைக்கிறாய். ரெண்டு நாள் பண்ணுவார்கள். அப்புறம் அவர்களில் ஒருவன் தனியாக வந்து, தனக்கு ஒரு உபாதை இருக்கிறது, யாரிடம் போய் எப்படிக் கேட்பது என்று உன்னிடம் விசாரிப்பான். என்னிடம் அப்படி வந்தவர்கள், விரதம் கேட்டு வந்தவர்களைவிட அதிகம்.

சரவணனிடம் நான் எதையும் சொல்லவில்லை. அது உன் முதுகு, நீதான் சொல்ல வேண்டும். "ஒன்பது மணிக்கு வரும் ஜெனரல் ஷிப்ட் கொடுங்க, நடுவில் எழுந்து நடக்க விடுங்க, லைனை நான் ஓட்டிக் காட்டுறேன்" என்று நேராகக் கேள். கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கேட்டு இல்லை என்றால் அடுத்து என்ன என்று நாம் மூன்று பேரும் உட்கார்ந்து யோசிக்கலாம். கேட்காமலே, இல்லாத என் மூச்சுத் திணறலுக்காக அந்த லைன் உன்னைவிட்டுப் போனால் அதை என்னால் தாங்க முடியாது.

அதனால் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன், கோபப்படாதே. ஆட்டோ கிளம்பும்போது சரவணனை ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டேன். அவரும், நோயாளியைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அன்று நான் பத்து மணிக்கு மேல்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். நாட்டுக்கோழிக் குழம்பு கொதிக்கும். என் கையால் களி கிண்டி, உருண்டை பிடித்து, இந்த முறை எப்படி விழுங்குவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். ஒரு இருமல்கூட இருமுவதாக இல்லை.

பஸ் ஹாரன் கேட்கிறது. அடுப்படியில் முள்ளங்கி சாம்பார் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு எனக்கு உடம்பு முழுசாகக் குணமாகிவிடும், கண்ணு. அதற்குள் உன் உடம்பைப் பற்றி அவரிடம் சொல்லிவிடு.

அம்மா